மோகன்குமாரின் காலும் இரண்டு களிம்பும்

பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் மோகன்குமாரின் கால் முதன்முதலாகப் பேச்சுக்கு வந்தது. கார்த்திகை மாதத்துக் கடைசி முகூர்த்தம். பந்தியில் உட்கார்ந்திருந்தவர், ரசம் வருகிற நேரத்தில் அரிப்புத் தாங்காமல் வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி முழங்காலுக்குக் கீழே பரபரவென்று சொறிந்துவிட்டார். மாவு சலித்ததுபோல வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. அடுத்த இலையில் இருந்த அவர் மனைவியின் பெரியம்மா மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங் மச்சான், காலு வேலமரத்துப் பட்டையாட்ட இருக்குதுங்களே" என்றாள். கேலிக்காகச் சொல்லவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டாள். ஆனாலும் அந்த வரிசையே குனிந்து பார்த்தது.

மோகன்குமாருக்குப் பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை. வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டுப் பழகாத மனிதர். பண்ணை வாசலில் நோய் அண்டாமல் இருக்கக் கொட்டி வைத்திருக்கும் சுண்ணாம்பிலும் ப்ளீச்சிங் பவுடரிலும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை காலை வைத்து எடுப்பார். வீட்டுக்கு வந்ததும் சோலார் குழாயிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பிடித்து, தோல் கீச்சிடுகிற அளவுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பார். அப்படிக் குளித்தால்தான் கோழி வாசம் போகும் என்பது அவர் எண்ணம். மார்கழிக் காற்று வேறு பாலக்காட்டுப் பக்கம் பார்த்து விடாமல் அடித்தது. கால் வெடிக்காமல் என்ன செய்யும்?

அவர் மனைவி சாந்தாமணி எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வருகிற வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் அவர் காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தாள். கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் ரித்திகாவுக்கு அனுப்பி, இது என்னவென்று கேட்பதற்காம்.

அன்றிலிருந்து அந்த வீட்டின் சமையல் தலைகீழானது. கொள்ளுப்பருப்பு சூடு என்று முதலில் அது போனது. மோகன்குமாருக்கு வாரத்தில் மூன்று நாள் கொள்ளுப்பருப்பு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அடுத்ததாகத் தேநீர் குறைந்து, அந்த நேரத்துக்கெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. எள்ளுருண்டை வந்தது. ஆளி விதையை வறுத்துப் பொடித்துத் தோசைமாவில் கலந்தாள். கேரளத்திலிருந்து வருகிற மத்தி மீன் வீட்டுக்குள் நுழைந்தது. ஒரு வீடியோவில் நெய் நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று பருப்புச் சாதத்தில் குளம் கட்டினாள். அடுத்த வாரம் இன்னொருவர் நெய்தான் அரிப்புக்கே காரணம் என்று சொல்ல, நெய்க்கிண்ணம் அலமாரிக்குள் போனது. அதற்கடுத்த வாரம் மறுபடியும் வெளியே வந்தது.

"அம்மணி, நெய் ஆகுமா ஆகாதா, ஒண்ணு சொல்லு" என்றார் மோகன்குமார்.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கு? எதுக்கும் கொஞ்சமாப் போட்டுக்குங்க" என்றாள் அவள்.

பூச்சு வேலை தனி. முதலில் கடலைமாவையும் தயிரையும் குழைத்துப் பூசினாள். காயும்வரை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, பண்ணை நாய் வந்து இரண்டு காலையும் நக்கித் துடைத்துவிட்டுப் போனது. அடுத்து கற்றாழைச் சோற்றைத் தேங்காயெண்ணெயில் அடித்து வைத்தாள். அது பூசணம் பூத்துவிட்டது. கடைசியில் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், கொஞ்சம் நல்லெண்ணெய், தேன்மெழுகு மூன்றையும் கொதிக்கிற தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, தகரடப்பாவில் ஊற்றி ஆறவைத்தாள். வெண்ணெய்போல இறுகி நின்றது. குளித்து வந்ததும் துவட்டாமல் ஈரத்தோடு நிற்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து அவளே தேய்த்துவிட்டாள்.

"சுடுதண்ணி வேண்டாமுங்க. வெதுவெதுன்னு ஊத்துங்க. காலுக்குச் சோப்பும் வேண்டாம்."

சரி சரி என்றார். அவள் விரல் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஏறி இறங்கும்போது மோகன்குமாருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. ஃபேனைப் பார்ப்பார். காலண்டரைப் பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் அவர் காலைத் தொட்டது, ஆடி நோம்புக்கு விழுந்து கும்பிடும்போது மட்டும்தான்.

ஆனால் அரிப்பு உடனே நிற்கவில்லை. மார்கழி நடுவில் ஒருநாள், மோட்டார் ரிப்பேருக்குக் கோயமுத்தூர் போயிருந்தார். கடைக்காரர் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். காந்திபுரம் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது தோல் டாக்டர் என்ற போர்டு கண்ணில் பட்டது. அவர் நினைப்பதற்குள் கால் படியேறிவிட்டது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். காலையில் மெலிசாக ஒரு தடவை, அதுவும் கொஞ்ச நாளைக்கு மட்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்றார்.

அந்த ட்யூபை மோகன்குமார் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பண்ணையில் கோழி மருந்து வைக்கிற பெட்டிக்குள், தடுப்பு மருந்துப் புட்டிகளுக்கு அடியில் வைத்தார். ஏன் அப்படி வைத்தோம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தார். சாந்தாமணி ஒன்றும் கடித்துத் தின்றிருக்க மாட்டாள். தினம் தினம் அவ்வளவு பாடுபடுகிறவளிடம் போய், உன் பூச்சு போதவில்லை, டாக்டரிடம் போனேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். காலையில் பண்ணையில் ஆயின்மென்ட். சாயங்காலம் வீட்டில் அவள் க்ரீம். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

பொங்கல் வருவதற்குள் கால் மாறிவிட்டது. செதில் போய், வெடிப்பு மூடி, வழுவழுவென்று ஆனது. சாந்தாமணி பூரித்துப்போனாள். பொங்கலுக்கு வந்திருந்த ரித்திகா, "அப்பா, உங்க கால் என் காலை விட நல்லா இருக்கு" என்றாள். சாந்தாமணி சொந்தபந்தத்துக்கெல்லாம் டப்பா டப்பாவாகக் கொடுத்தாள். பிறகு தெரிந்தவர்கள் காசு கொடுத்தே வாங்க ஆரம்பித்தார்கள். சமையலறை முழுக்கத் தேன்மெழுகு வாசம். அவள் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே டப்பா கழுவுவதைப் பார்க்க மோகன்குமாருக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மாசி பிறந்த கொஞ்ச நாளில், குஞ்சு கொடுக்கிற கம்பெனியின் சூப்பர்வைசர் சசிதர் பண்ணைக்கு வந்தான். வாராவாரம் வந்து கோழிகளை எடை போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவன். வேலை முடிந்து வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டே போனை நீட்டினான்.

"ஏனுங்ணா, அக்கா செஞ்ச க்ரீமப் போட்டு யாரோ ஒருத்தரு காலு எப்பிடி ஆறியிருக்குது, இதப் பாருங்க."

போனில் இரண்டு கால்கள். இடது பக்கம் பட்டை உரிந்த கால். வலது பக்கம் அதே கால், பளபளவென்று. கீழே சாந்தாமணியின் நம்பர் இருந்தது. மோகன்குமாருக்கு முதலில் நம்பர் கண்ணில் படவில்லை. அந்த முழங்காலுக்குக் கீழே இருந்த பிறை மாதிரித் தழும்புதான் பட்டது. இளவட்ட வயசில் புல்லட் கிக்கர் திருப்பி அடித்த தழும்பு. வலது பக்கத்துப் படத்தில் கட்டிலும், அவருடைய கோடு போட்ட லுங்கியும் தெரிந்தன. பொங்கலன்று மத்தியானம் தூங்கும்போது எடுத்திருக்கிறார்கள்.

"என்ர ஊட்டுல லோகப்பிரியா இதத்தான் வாங்கியிருக்குதுங்ணா. பையனுக்குப் போட" என்றான் சசிதர். "ஹர்ஷாவுக்கு முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாலயும் செவந்து வெடிச்சுக் கெடக்குது. கரப்பானோ என்னமோ. டாக்டருகிட்டப் போலாம்னுதான் இருந்தோம். இந்தக் காலைப் பாத்தபொறவு லோகப்பிரியா, மருந்தே இல்லாம இப்பிடி ஆறியிருக்குதே, குழந்தைக்கு எதுக்கு மருந்துன்னு சொல்லிப்போட்டா."

மோகன்குமாரின் கைக்குள் போன் கனத்தது. இந்தக் கால் என்னுடையது என்று சொல்லலாமா? மருந்தே இல்லாமல் ஆறவில்லை, இரண்டடி தள்ளி அந்தப் பெட்டிக்குள்தான் மருந்து இருக்கிறது என்று சொல்லலாமா? சொன்னால், சாந்தாமணியைப் பொய்க்காரி என்று சொன்னதாக ஆகாதா? அவளுக்கோ விசயமே தெரியாது. அவள் நம்பித்தானே போட்டிருக்கிறாள்?

"குழந்தைக்கா?" என்றார். "எதுக்கும் டாக்டருகிட்ட ஒருக்கா காட்டிப்போடு, தம்பி."

"ஏனுங்ணா, இந்தக் க்ரீமு நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் காட்டிப்போடு."

சசிதர் தலையைத் தலையை ஆட்டினான். டாக்டரிடம் போகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

அவன் பைக் மறைந்ததும் மோகன்குமார் மருந்துப் பெட்டியைத் திறந்தார். ட்யூபில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. அவரே குழம்பிப் போனார். கால் எதனால் ஆறியது? இதனாலா, அவள் க்ரீமாலா? இரண்டையும் இரண்டு காலிலும்தான் போட்டார். ஒன்றை ஒரு காலிலும் மற்றதை மறு காலிலும் போட்டிருந்தால் இப்போது தெரிந்திருக்கும். வெந்நீரை விட்டதும் அப்போதுதான். மத்தி மீன் தின்றதும் அப்போதுதான். கொள்ளுப்பருப்பை விட்டதும் அப்போதுதான். எந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் இன்னொரு கயிறும் கூடவே வந்தது.

அதற்கடியில் வேறொன்றும் உறுத்தியது. அவ்வளவு பக்குவமாகத் தேய்த்துவிட்டாளே, அது காலுக்காகவா, போட்டோவுக்காகவா? இப்படி நினைப்பதே அசிங்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது சாந்தாமணி அடுப்பருகே நின்று, உருகிய எண்ணெயைக் கரண்டியால் டப்பாக்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மோகன்குமார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாந்தா, அந்தக் காலு போட்டோவ எல்லாத்துக்கும் அனுப்பியிருக்கறயா?"

அவள் திரும்பினாள். "ரித்திகாதானுங்க போட்டுவிட்டா. மூஞ்சி தெரியலையேன்னுதான் உங்ககிட்டக் கேக்கல. யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"சசிதரு பாத்திருக்கறான். அவன் குழந்தைக்குப் போடறாங்களாமா."

"லோகப்பிரியா பையனுக்குங்களா? ஆமா, போன வாரந்தான் அனுப்பினேன்."

"டாக்டருகிட்டப் போக இருந்தவங்க, இந்தக் காலைப் பாத்துட்டுப் போகல." அவர் தொண்டையைச் செருமினார். "நான் டாக்டருகிட்டப் போனேன் சாந்தா. மார்கழியிலயே. ஆயின்மென்ட் குடுத்தாங்க. பண்ணையில வெச்சுப் போட்டுட்டிருந்தேன்."

கரண்டி நின்றது. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டி மேடையில் விழுந்து, பார்க்கப் பார்க்க வெள்ளையாக உறைந்தது. திட்டப்போகிறாள் என்று மோகன்குமார் நினைத்தார். அழுவாளோ என்றும் நினைத்தார். அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"லோகப்பிரியா, சாந்தாமணி அக்கா பேசறேன் கண்ணு. நீ பாத்தியல்ல ஒரு காலு, அதுக்கு டாக்டரு மருந்தும் போட்டிருக்குது. எனக்கே இப்பத்தான் தெரியும். ... ஆமா. ... வெறும் க்ரீமுல ஆறுனதுன்னு நெனச்சுக்காத. பையன நாளைக்கே டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிரு. காச வேணும்னா திருப்பிக் குடுத்தர்றேன். ... இல்ல கண்ணு, நீ போ மொதல்ல."

குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. பேசி முடித்து, ரித்திகாவுக்கும் அடித்து, படத்தை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று மகள் கேட்டதற்கு, "அப்பறம் சொல்றேன், எடு" என்றாள். திரும்பவும் அடுப்பைப் பற்றவைத்தாள். மோகன்குமார் அங்கேயே நின்றார்.

"சாப்பிட வாரீங்களா?" என்றாள் அவரைப் பார்க்காமல்.

கோபமா இல்லையா என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சாப்பாடு எப்போதும்போல வந்தது. வாழைப்பூப் பொரியலில் தேங்காய்கூடத் தாராளமாக இருந்தது. ஆனால் சாயங்காலம் குளித்துவிட்டு ஈரக்காலோடு நின்றபோது அவள் வரவில்லை. டப்பா மட்டும் நாற்காலிமேல் இருந்தது. அவரே குனிந்து தேய்த்துக்கொண்டார். முதுகு வலித்தது. பின்காலுக்குக் கை எட்டவேயில்லை.

இரண்டு நாள் கழித்து லோகப்பிரியா கூப்பிட்டாள். சாந்தாமணி ஸ்பீக்கரில் போட்டாள். மோகன்குமாரும் கேட்கட்டும் என்றுதான் போட்டிருப்பாள்.

"அக்கா, காட்டிட்டோமுங்க. கரப்பான்தானாம். லேட் பண்ணியிருந்தா சீழ் வெச்சிருக்குமாம். ஒரு ஆயின்மென்ட் குடுத்திருக்காங்க. அப்பறம், உங்க க்ரீமையும் காட்டினேன். வாசனை எதுவும் சேக்காம இருந்தா குளிச்ச ஈரத்தோட போடுங்க, நல்லதுதான்னு சொன்னாங்க. இன்னும் ரெண்டு டப்பா அனுப்பறீங்களா?"

சாந்தாமணி போனையும் மோகன்குமாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அது நல்லதா, இல்லையா?" என்றார் அவர்.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றாள். சாப்பிடக் கூப்பிட்டதைத் தவிர, அவளாக அவரிடம் வாய் திறந்தது அந்த இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை. "உங்க டாக்டரு எங்கிருக்காங்க? நானே கேட்டுப்போடறேன்."

மறு வாரம் இருவரும் காரில் கோயமுத்தூர் போனார்கள். டாக்டரம்மா டப்பாவை மோந்து பார்த்தார், விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், என்னென்ன சேர்த்தாள் என்று கேட்டார். பிறகு மோகன்குமாரின் காலைப் பார்த்தார். ஆயின்மென்டை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அவர் நெளிந்தார். சொன்ன நாளுக்கு மேலும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்கு டாக்டரம்மா நன்றாகக் கடிந்துகொண்டார். அதிகம் போட்டால் தோல் மெலிந்துவிடும், இனித் தொடவே கூடாது என்றார்.

"அது சரிங்க" என்றாள் சாந்தாமணி. "இவங்க காலு எதுல ஆறுச்சு? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எனக்கும் தெரியாதும்மா. அரிப்பை அடக்கினது மருந்தா இருக்கும். ஈரத்தைத் தோலுக்குள்ள புடிச்சு வெச்சது உங்க எண்ணெய்யா இருக்கும். சுடுதண்ணியையும் சோப்பையும் விட்டதே பாதி வைத்தியம். நல்ல சாப்பாடும் கொஞ்சம் உதவியிருக்கலாம். எல்லாத்தையும் ஒரே நேரத்துல செஞ்சுட்டீங்க. இப்ப யாரைக் கேட்டாலும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"கொள்ளுப்பருப்பு?" என்றார் மோகன்குமார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கற மாதிரி நான் படிச்சதில்லை. சாப்பிடுங்க."

திரும்பும்போது சூலூர் தாண்டியிருந்தார்கள். வெயில் கண்ணாடியில் அடித்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க" என்றாள் சாந்தாமணி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அந்த ஆயின்மென்ட்டையும் நானே போட்டுவிட்டிருப்பேன். பண்ணையில கோழி மருந்தோட ஒளிச்சு வெச்சு... நான் என்ன அன்னியமா?"

"உன் மனசு நோகும்னுதான்."

"இப்ப நோகலையாக்கும்."

கொஞ்ச தூரம் போனபிறகு, கேட்கவே கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். "நீ எதுக்குத் தேச்சுவிட்ட? விக்கறதுக்கா?"

சாந்தாமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் உண்மையிலேயே யோசித்தாள்.

"மொதல்ல நீங்க ராத்திரியெல்லாம் சொறியற சத்தத்துல எனக்குத் தூக்கமே வரலீங்க. அதுக்குத்தான் ஆரம்பிச்சேன். அப்பறம் காலு ஆற ஆற, நாம செஞ்சது பலிக்குதேன்னு ஒரு ஆசை. அதுக்கப்பறம் தெரியலீங்க. பழகிப்போச்சு."

பழகிப்போச்சு என்பது நல்ல பதிலா கெட்ட பதிலா என்று மோகன்குமாருக்குத் தெரியவில்லை. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

அதன்பிறகு சாந்தாமணி படம் எதுவும் போடவில்லை. கேட்டுவருகிறவர்களிடம், இது மருந்து இல்லை, புண்ணோ வெடிப்போ இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள், வறட்சிக்கு மட்டும் குளித்த ஈரத்தோடு போடுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சிலர் வாங்காமல் போனார்கள். சிலர், இவ்வளவு உண்மை பேசுகிற அம்மா செய்தது நல்லதாகத்தான் இருக்கும் என்று கூடுதலாக வாங்கினார்கள். அது ஏன் என்றும் மோகன்குமாருக்கு விளங்கவில்லை.

அவர் தானாகவே ஒரு பரீட்சை வைத்துப் பார்க்க முடிவு செய்தார். ஆயின்மென்ட் கூடவே கூடாது. இடது காலுக்கு மட்டும் க்ரீம், வலது காலுக்கு ஒன்றுமில்லை. சாந்தாமணியிடம் சொல்லிவிட்டே செய்தார். அவளும் இடது காலுக்கு மட்டும் வந்து தேய்த்துவிட்டுப் போனாள். ஆனால் அதற்குள் பங்குனி வந்துவிட்டது. காற்று நின்று புழுக்கம் கண்டது. வேர்வையில் இரண்டு காலும் ஒரே மாதிரி மினுமினுவென்று இருந்தன. வலதில் ஒரு செதில்கூட இல்லை.

"வெயில் வந்தா தானாவே செரியாயிருக்குமோ என்னமோ" என்றாள் சாந்தாமணி, இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு. "அடுத்த மார்கழிக்குத்தான் தெரியும்."

எழுந்து போகப் போனவள் நின்றாள். பனியன் கழுத்துக்கு மேலே அவருக்கு வேர்க்குரு சிவப்பாகக் கிளம்பியிருந்தது. குனிந்து பார்த்தாள். தொட வந்த விரலைப் பாதியில் நிறுத்தினாள்.

"இதுக்கு எதாச்சும் போட்டிருக்கறீங்களா?"

"இல்ல."

"டாக்டருகிட்டப் போனீங்களா?"

"இல்ல சாந்தா, மெய்யாலுமே இல்ல."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்புறம் உள்ளே போய், "நுங்கு வாங்கி வெச்சிருக்கறேனுங்க" என்று குரல் கொடுத்தாள். தின்பதற்கா, தேய்ப்பதற்கா என்று அவள் சொல்லவில்லை. மோகன்குமார் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, எதற்கும் தயாராக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார்.